வள்ளம் போகிற பக்கம்

அன்று கடையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பத்ரோன். கடை முதலாளி. இங்கே முதலாளியை அப்படித்தான் சொல்வார்கள். யாழ்ப்பாணத்துக்காரர்.

மூலை மேசையில் பிரெஞ்சு ஐயா. பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பித்து ஓய்வானவர். ரொட்டியும் கறியும் சாப்பிட வருவார்.

றீற்றா அக்கா. கார்ஜ் லே கொனெஸில் இருந்து ரயிலேறி வந்தவர். கையில் கல்யாணக் கார்டின் மாதிரி.

அனித்தா. றீற்றா அக்காவின் மகள். கல்யாணப் பெண். சனிக்கிழமைகளில் எங்கள் கல்லாவில் நிற்பவள்.

நான். பின்னுக்கு இடியப்பம் பிழிகிறவள்.

பிறகு அவர். றீற்றா அக்காவின் புருசனுக்குத் தமையன். மீன் வெட்டும் மேசையில் நின்றார்.

அவர் பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அவருக்குப் பிடிக்காது. மன்னார் ஆள். கடற்தொழில் செய்தவர். நாங்கள் எல்லாரும் அண்ணை என்போம்.

கடை லா சப்பலில், பிரெஞ்சு நாட்டில் எங்கடை சனத்தின் கடைகள் நிறைந்த இடத்தில். மேலே பாலத்தில் மெத்ரோ ரயில் போனால் அலுமாரியில் கோப்பைகள் ஆடும். இப்போது அந்த இடத்தில் கைத்தொலைபேசி விற்கிறார்கள்.

அன்று நடந்ததைச் சொல்வதற்கு முன்னம் அவர் எப்படிப்பட்ட ஆள் என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் விளங்காது.

யார் வந்து எந்தக் கதை சொன்னாலும் அவர் கேட்கிற கேள்வி ஒன்றுதான்.

"நீ எங்கை நிண்டனீ?"

ஒருதரம் ஒரு கூட்டம் லூர்து மாதாவுக்குப் பஸ்ஸில் போய்விட்டு வந்தது. அதில் ஒரு மனிசன் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார், சக்கர நாற்காலியில் இருந்த ஒரு கிழவி எழும்பி நடந்தது என்று. கடை முழுக்க வாய் பார்த்தது. அண்ணை மீன் கத்தியைக் கீழே வைத்தார்.

"நீர் எங்கை நிண்டனீர்?"

"அதிலைதான் அண்ணை."

"எதிலை?"

"மெழுகுதிரி விக்கிற இடத்திலை."

"அதிலை நிண்டா மாதா நிக்கிற கெபி தெரியுமோ?"

அந்த ஆள் கொஞ்சம் யோசித்தார். "சனம் மறைச்சுப்போட்டுது."

"அப்ப மெழுகுதிரி என்ன விலை எண்டு சொல்லும். அதை நீர் கண்டனீர்."

எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. மாதாவை நம்பாதவர் என்று நினைக்க வேண்டாம். ஞாயிறு பூசையை அவர் விட்டதே இல்லை. மாதாவை நம்புவார். கண்டதாகச் சொல்கிறவனைத்தான் விசாரிப்பார்.

என் வீட்டுக் கதையிலும் அப்படித்தான். என் புருசனை பொபினியில் ஒரு பொம்பிளையோடு கண்டதாக என் மச்சாள் சொன்னாள். நான் அன்று மாவில் உப்புப் போட மறந்துவிட்டேன். இடியப்பம் சப்பென்று இருந்தது. ஏன் என்று கேட்டார். சொன்னேன்.

"மச்சாள் எங்கை நிண்டவ?"

"பஸ்ஸுக்குள்ளை."

"பஸ் நிண்டதோ ஓடினதோ?"

"ஓடினது."

"கண்ணாடியிலை மழைத்தண்ணி இருந்ததோ?"

"அது கேக்கேல்லை."

"கேட்டுப்போட்டு அழு. இப்ப உப்பைப் போடு."

கேட்டேன். மழை பெய்ததாம். அதற்குமேல் நான் விசாரிக்கவில்லை. சமைத்தேன்.

இந்தக் குணத்தால் அவருக்கு நட்டமும் வந்தது. அகதிக் கேஸ் விசாரணையில், உங்கள் வள்ளங்களை ஆர் சுட்டது என்று கேட்டிருக்கிறார்கள். மொழிபெயர்த்தவர் எங்கடை ஆள். கண்ணால் சாடை காட்டியிருக்கிறார், நேவி என்று சொல்லுங்கோ என்று. இவர் சொன்னது இதுதான்: "சத்தம் கேட்டது. நெருப்புக் கண்டனான். ஆர் சுட்டதெண்டு காணேல்லை."

முதல்தரம் நிராகரித்தார்கள். கன காலம் விசா இல்லாமல் இருந்தார். பொலிசைக் கண்டால் தெரு மாறி நடந்தார். பிறகுதான் கிடைத்தது.

"ஒரு சொல் சொல்லியிருக்கலாமே அண்ணை" என்று பத்ரோன் ஒருநாள் சொன்னார்.

"சொல்லலாம். பிறகு அவன் எங்கை நிண்டனீ எண்டு கேட்டா?"

"அவன் உங்களை மாதிரிக் கேக்க மாட்டான்."

"நான் கேப்பனே."

இப்படிப்பட்டவர் கண்ணில்தான் அந்தப் படம் பட்டது.

பத்ரோன் அதைப் பழைய சாமான் சந்தையில் வாங்கிவந்தார். கடைச் சுவரில் ஒரு இடம் ஈரம் பிடித்துக் கறுத்திருந்தது. அதை மறைக்கப் பெரிய சட்டமாக ஒன்று வேண்டும். மீன் சாப்பாட்டுக்கடைக்குக் கப்பல் படம் பொருத்தம் என்று நினைத்திருக்கிறார். கொழுவின பிறகுதான் கிட்டப் போய்ப் பார்த்தார்.

கடற்சண்டை. வர்ணம் இல்லை. எல்லாம் கறுப்புக் கோடு. நடுவில் ஒரு கப்பல் எரிகிறது. பாய்மரம் முறிந்து சரிகிறது. பாயை விடப் பெரிய கொடிகள். புகை பூக்கோவா மாதிரி உருண்டு உருண்டு நிற்கிறது. ஆட்கள் கயிற்றில் தொங்குகிறார்கள், விழுகிறார்கள். கடல் முழுக்க உடைந்த பலகை, பீப்பா, தலைகள். கீழே இடது மூலையில் ஒரு சின்ன வள்ளம். துடுப்புத் தண்டு வலிக்கிறார்கள். அதற்கு எட்டத்தில் தண்ணீருக்குள் ஒருவன். ஒரு கை மேலே.

சாப்பிட வந்தவர்கள் பத்ரோனைப் பகிடி பண்ணினார்கள்.

"சாப்பிடுற இடத்திலை சாகிற படமே?"

"இறக்கினா ஈரம் தெரியும். எது வேணும், சொல்லுங்கோ."

படம் சுவரிலேயே இருந்தது.

அண்ணை மீன் வெட்டி முடித்ததும் கை கழுவுவார். கழுவின கையைப் பின்னால் கட்டிக்கொண்டு படத்தின் முன் போய் நிற்பார். மூக்கு கண்ணாடியில் முட்டுகிற அளவுக்குக் கிட்ட. நாங்கள் ரீவீ பார்ப்பதுபோல அவர் அதைப் பார்த்தார். ஒவ்வொரு நாளும் அதில் புதிதாக ஏதாவது கண்டுபிடிப்பார்.

முதலில் கண்டது கைகள்.

"இஞ்சை ஒருத்தன்ரை கையும் சரியில்லை" என்றார். "எல்லாரும் இடக்கையாலை வாள் வீசுறாங்கள். உலகத்திலை அப்பிடி ஒரு படை இருக்கோ?"

பிரெஞ்சு ஐயா கரண்டியை வைத்துவிட்டு எழுந்து வந்து பார்த்தார். பார்த்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தார். அனித்தாதான் அவர் சொன்னதைத் தமிழில் சொன்னாள். இது முந்நூறு வருசத்துக்கு மேல் பழைய வேலை. செப்புத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, தகட்டை அசிட்டில் போடுவார்கள். கீறின இடத்தை மட்டும் அசிட் தின்னும். அந்தப் பள்ளத்தில் மை விட்டுக் கடதாசியை வைத்து அமத்தினால் படம் வரும். ஆனால் முகம் பார்க்கும் கண்ணாடி போல, இடம் வலம் மாறித்தான் வரும். வெட்டினவன் அதை நினைக்கவில்லை, மறந்துபோய் நேராகக் கீறிவிட்டான். அதுதான் எல்லாரும் இடக்கையர்.

அண்ணை கறி வைக்கிற முறையைக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டு நின்றார்.

"அசிட் தின்னவிட்டாப் பிறகு பிழையைத் திருத்தலாமோ?"

"கஷ்டமாம் பெரியப்பா."

"நல்லது" என்றார்.

படத்தின் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மீன் மேசைக்குப் போனார்.

அடுத்தது எழுத்துகள். கப்பல்களுக்கு மேலே சின்னதாக ஆ, பே, சே என்று பிரெஞ்சு எழுத்துகள் போட்டிருந்தது. படத்துக்குக் கீழே அந்தந்த எழுத்துக்கு விளக்கம். அனித்தாவைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார். அவள் கல்லாவை விட்டு வந்து வாசித்தாள். இது இன்ன கப்பல், இவ்வளவு பீரங்கி. இது எதிரியின் தளபதி. இது எரிகிற கப்பல்.

"தண்ணிக்குள்ளை நிக்கிறவைக்கு என்ன எழுத்து?"

அவள் இரண்டுதரம் தேடினாள். "அவைக்கு இல்லை."

"வள்ளத்துக்கு?"

"மே நோன், இல்லை பெரியப்பா. வள்ளத்துக்கும் இல்லை. பெரிய ஆக்களுக்குத்தான்."

"எனக்கு வேண்டியது அந்தச் சின்ன ஆக்கள்தான்" என்றார். திரும்பவும் மூக்கைக் கண்ணாடியில் வைத்தார்.

பிறகு ஒருநாள் தன்னுடைய கேள்வியைக் கேட்டார். அது எப்படியும் வரும் என்று எனக்குத் தெரியும்.

"இதைக் கீறினவன் எங்கை நிண்டவன்?"

பிரெஞ்சு ஐயா கீழ் விளிம்பைக் காட்டினார். இடது ஓரத்தில் ஒரு பேர். வலது ஓரத்தில் வேறொரு பேர். முதலாமவர் வரைந்தவர். இரண்டாமவர் அதைப் பார்த்துத் தகட்டில் வெட்டினவர். வரைந்தவரும் சண்டைக்குப் போயிருக்கத் தேவையில்லை, போய் வந்தவர்களிடம் கேட்டு வரைந்திருக்கலாம் என்றார். சிலபேர் மட்டும் சண்டை நடக்கும்போதே சின்ன வள்ளத்தில் இருந்து கடதாசியில் கீறினார்களாம்.

அண்ணைக்கு அது நல்லாய்ப் பிடித்துக்கொண்டது. ஒரு கிழமை அதையே சொல்லிக்கொண்டு திரிந்தார். கண்டவன் ஒருத்தன், கேட்டவன் ஒருத்தன், கீறினவன் ஒருத்தன், வெட்டினவன் ஒருத்தன். கடைசியில் சுவரில் கொழுவினது பத்ரோன்.

பிறகு படத்தைப் பங்கு பிரித்தார். இது கண்டு கீறினது. இது கேட்டுக் கீறினது. கொடி, கேட்டது. காத்து ஒரு பக்கம் அடிக்கப் புகை ஒரு பக்கமும் கொடி மற்றப் பக்கமும் போகாது. கயிற்றில் தொங்குகிறவர்கள், கேட்டது. கீழ் மூலையில் நெடுநேரம் நின்றார்.

"இந்த மூலையைக் கீறினவன் அங்கை நிண்டவன்."

"எப்பிடித் தெரியும் அண்ணை?" என்றேன்.

"தெரியும்."

அவ்வளவுதான். போய் மீன் தொட்டியைக் கழுவினார்.

இனி அந்த நாள்.

அனித்தாவுக்குக் கல்யாணம் பேசி முடிந்துவிட்டது. மாப்பிள்ளை வீடு பொபினியில். நல்ல சனம். கார்டு அடிக்க வேண்டும். பத்ரோனுக்கு அச்சடிக்கிற இடம் பழக்கம். எல்லாம் சரி. ஒரு சொல்லில்தான் நின்றது.

எங்கடை கார்டில் பெண்ணின் தகப்பன் பேர் வரும். தகப்பன் இல்லாவிட்டால் பேருக்கு முன்னால் காலஞ்சென்ற என்று போட வேண்டும். றீற்றா அக்காவின் புருசன் சண்டைக் காலத்தில் மன்னாரில் இருந்து இந்தியாவுக்கு வள்ளத்தில் வெளிக்கிட்டவர். அண்ணையும் அன்றுதான் வெளிக்கிட்டார். இரண்டு பேரும் வேறு வேறு வள்ளம். தம்பி போன வள்ளம் சூடு பட்டு எரிந்தது. அண்ணை கரை சேர்ந்தார். அனித்தா அப்போது கைக்குழந்தை. தாயும் பிள்ளையும் மடு மாதா கோயிலில் அகதியாக நின்றார்கள்.

தம்பிக்கு என்ன நடந்தது என்று கேட்டவர்களுக்கெல்லாம் அண்ணை ஒரே சொல்தான் சொன்னார். "செத்ததை நான் காணேல்லை."

அவர் பொய் சொல்லாத ஆள் என்று எல்லாருக்கும் தெரியும். அதனால் அந்தச் சொல்லுக்கு விலை கூட. அந்த ஒரு சொல்லில்தான் றீற்றா அக்காவின் கழுத்தில் தாலிக்கொடி கிடந்தது. இந்தியாவில் ஏதாவது முகாமில் இருப்பார், தலையில் அடிபட்டு நினைவில்லாமல் இருப்பார் என்று சொல்லிச் சொல்லியே பிள்ளையை வளர்த்தார்.

காலஞ்சென்ற என்று போட்டால் கொடியைக் கழற்ற வேண்டும். வெறுங்கழுத்தோடு மகளின் கல்யாணத்தில் நிற்க வேண்டும். போடாவிட்டால் மாப்பிள்ளை வீட்டார் கேட்பார்கள். கேட்டும்விட்டார்கள். தகப்பன் இருக்கிறாரோ இல்லையோ, ஏதாவது ஒன்றைப் போடுங்கோ என்று.

மத்தியானச் சனம் போய்விட்டது. றீற்றா அக்கா மாதிரிக் கார்டை மேசையில் வைத்தார். தகப்பன் பேருக்கு முன்னால் இடம் வெறுமையாக இருந்தது.

"அத்தான்" என்றார். "நீங்கள் சொல்லுங்கோ. என்ன போடுறது?"

அண்ணை செதிள் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"செத்ததை நான் காணேல்லை பிள்ளை."

"அது எனக்குத் தெரியும். கல்யாணத்தை வைச்சுக்கொண்டு கேக்கிறன். வேறை ஒரு சொல் சொல்லுங்கோ."

அவர் அடுத்த மீனை எடுத்தார். செதிள்தான் பறந்தது. றீற்றா அக்கா அழத் தொடங்கினார். பத்ரோனுக்கு யாரும் அழுதால் தாங்காது. தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். பிறகு ஆறுதலுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமே என்று சுவரைக் காட்டினார்.

"அழாதேங்கோ அக்கா. அங்கை பாருங்கோ. அவ்வளவு பெரிய சண்டை. அதுக்குள்ளையும் தண்ணியிலை நிக்கிறவனை எடுக்க ஒரு வள்ளம் வருது. எல்லாரும் அவனைப் பாத்துக்கொண்டு வருகினம். முகத்தைப் பாருங்கோவன். அதைமாதிரி அவரையும் ஆரும் எடுத்திருப்பினம்."

நாங்கள் எல்லாரும் பார்த்தோம். உண்மைதான். வள்ளத்தில் இருந்தவர்கள் எல்லாருக்கும் முகம் அந்த மனிசனின் பக்கம்தான். அதுவரைக்கும் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், எடுக்கத்தான் வருகிறார்கள் என்று.

மீன் மேசையில் சத்தம் நின்றது.

"அது வரேல்லை" என்றார் அண்ணை. "போகுது."

"இல்லை அண்ணை, முகம் அங்காலை..."

"தண்டு வலிக்கிறவனுக்கு முதுகுதான் முன்னுக்கு. முகம் விட்டிட்டுப் போற பக்கம்."

பத்ரோன் படத்தின் கிட்டப் போனார். இரண்டு கையாலும் தண்டு வலிப்பதுபோல இழுத்துப் பார்த்தார். முதுகு எங்கே போகிறது என்று பார்த்தார். பிறகு கையைத் தொங்கவிட்டார்.

அனித்தா பிரெஞ்சு ஐயாவிடம் கேட்டாள். அவர் தலையாட்டினார். தானும் இவ்வளவு நாளாக அதைக் கவனிக்கவில்லை என்றார். படம் இடம் வலம் மாறி வந்ததால் இதுவும் மாறியிருக்குமோ என்று அவள் திரும்பக் கேட்டாள்.

அதற்கு அண்ணையே சொன்னார். "இடக்கை வலக்கையாகும். போறது வாறதாகாது."

அனித்தா அவரையே பார்த்தாள். அவள் அவர் கையில் வளர்ந்தவள். அவரிடம் இருந்து வேறு என்ன பழகினாளோ, அவருடைய கேள்வியைப் பழகியிருந்தாள்.

"பெரியப்பா. நீங்கள் எங்கை நிண்டனீங்கள்?"

அவரிடம் அதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. வேறு வள்ளம் என்றால் எங்கேயோ தூரத்தில் என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டோம். சூடு பட்டதா, செத்தாரா, ஆர் சுட்டது, இதுகளைத்தான் எல்லாரும் கேட்டார்கள்.

அவர் கை கழுவினார். நல்லாய் நேரம் எடுத்துக் கழுவினார். துடைத்தார். வந்து படத்தின் கீழ் மூலையில் விரலை வைத்தார்.

"நிக்கேல்லை. இருந்தனான். இதிலை."

தண்டு வலிக்கிறவர்களில் ஒருவன் மேல் விரல் இருந்தது.

பிறகு சொன்னார். அவர் அவ்வளவு நீளமாகக் கதைத்து நான் முன்னும் பின்னும் கேட்டதில்லை. விடிந்துகொண்டு வருகிற நேரம். தம்பியின் வள்ளம் எரிந்தது. இவர்களின் வள்ளத்துக்கு எஞ்சின் நின்றுபோனது. தண்ணீரில் கிடந்தவர்களை ஏற்றினார்கள். பிள்ளைகளை முதலில், பிறகு பொம்பிளைகளை. வள்ள விளிம்புக்கும் தண்ணீருக்கும் நாலு விரல்தான் இருந்தது. இன்னும் ஒரு ஆள் ஏறினால் எல்லாரும் சரி என்று வள்ளக்காரன் சொன்னான். தண்டை வலியுங்கோடா என்று கத்தினான். வலித்தார்கள்.

"நானும் வலிச்சனான். முகம் அவனுக்கு நேரை. திரும்பேலாது. திரும்பினா தண்டு பிழைக்கும்."

"அவர் என்ன செய்தவர்?" றீற்றா அக்காவின் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"பிளாஸ்ரிக் எண்ணெய்க் கான் ஒண்டைப் பிடிச்சுக்கொண்டு மிதந்தவன். அது ஒரு ஆளைத்தான் தாங்கும். ஒரு கை உயத்தினவன்."

"வாங்கோ எண்டோ?"

"தெரியாது."

"போங்கோ எண்டோ?"

"தெரியாது பிள்ளை. கை உயத்தினதைத்தான் கண்டனான். வா எண்டோ போ எண்டோ நான் காணேல்லை. கை அப்பிடியே நிண்டது. பிறகு புகை வந்து மறைச்சது. புகை விலக முதல் நாங்கள் எட்டப் போயிட்டம்."

படத்தில் கை உயர்த்தின மனிசனை அவர் தொடவில்லை. அவனுக்குக் கொஞ்சம் கீழே கண்ணாடியில் விரலை வைத்திருந்தார்.

"இவனையும் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன்" என்றார். "இவன் வா எண்டு சொல்லுறானோ போ எண்டு சொல்லுறானோ. அசிட் தின்ன கோடு. மாறாது. ஆனா விளங்குதில்லை."

பிரெஞ்சு ஐயாவுக்குத் தமிழ் தெரியாது. அவரும் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

நான் நினைத்தேன், றீற்றா அக்கா இப்போது அவரைத் திட்டுவார் என்று. இவ்வளவு காலமும் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார் என்று. பத்ரோனும் அதைத்தான் பயந்தார். கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு இரண்டு பேருக்கும் நடுவில் போய் நின்றார்.

திட்டவில்லை.

அந்தக் கல்யாணக் கார்டு என்னிடம் இருக்கிறது. அதில் தகப்பன் பேருக்கு முன்னால் காலஞ்சென்ற என்று அடித்திருக்கிறது. றீற்றா அக்கா வெறுங்கழுத்தோடு கோயிலில் முதல் வரிசை வாங்கில் இருந்தார். அண்ணைதான் அனித்தாவைக் கையில் பிடித்துப் பீடம்வரை கூட்டிக்கொண்டு போனார். பிறகு அவர் கூசேன்வில் பக்கம் ஒரு சொந்தக்காரர் வீட்டோடு போய்விட்டார். நான் காணவில்லை. எப்படி இருக்கிறார் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

அந்தச் சொல்லைப் போடச் சொன்னது அவர் இல்லை. அவர் கடைசிவரைக்கும் சொல்லவில்லை. போட்டது றீற்றா அக்கா. தானே பேனை எடுத்து அந்த வெறும் இடத்தில் எழுதினார்.

அதற்கு முன்னம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, மீன் விலை கேட்பதுபோல நிதானமாகக் கேட்டார்.

"அத்தான். அந்தக் கானை அவர் மட்டுமோ பிடிச்சிருந்தவர்?"

"இல்லை."

"எத்தினை பேர்?"

அண்ணை கண்ணை மூடினார். உதடு அசைந்தது. அங்கே போய் எண்ணுகிறார் என்று தெரிந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"ஏழு."